ராசியக்காவின் ஆள்காட்டி விரல்

அந்த இருமலைக் கண்டுபிடித்தவர் கண்டக்டர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவரே ஒரு காலத்தில் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம் அது. இப்போது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இடம், ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை. லிஃப்டை விட்டு இறங்கினால் எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மிஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை இங்கே வந்து கையை நீட்டிவிட்டுச் சாய்ந்துகொள்ள வேண்டும். ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குப் போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அரை நாள் வேலை. தூங்குகிற கட்சி தூங்கும், அரட்டைக் கட்சி அரட்டை அடிக்கும். கண்டக்டர் இரண்டாவது கட்சிக்குத் தலைவர். வாழ்நாளில் பாதியை ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்தவர், இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே அறை முழுவதையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி டெய்லரம்மாவுடையது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவர். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார். முதல் நாளே கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு இடது தோள் ஒரு விரல் கடை இறக்கம், அண்ணே. பை மாட்டியே இறங்கிப்போச்சு" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே வாய்ச்சண்டை. சண்டை போட ஆள் கிடைத்தது என்று இருவருக்கும் சந்தோஷம்.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காய்ச்சலுக்குப் போடுகிற ஊசியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது கோணி ஊசிக்குத் தங்கை முறை. ஒவ்வொரு தடவையும் இரண்டு. இதற்கென்றே முன்கையில் அறுவை செய்து ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து வைத்திருப்பார்கள். மேலே விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வைக் கண்டுபிடித்து அதற்குள் ஊசியை இறக்க வேண்டும். தவறினால் கை வீங்கிக் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். கண்டக்டருக்கு அந்தக் குழாய் ஆழத்தில் ஓடியது. புதிதாக வந்த நர்ஸ்கள் கிணறு தோண்டுவதைப் போலத் தோண்டினார்கள்.

ராசியக்கா தோண்டியதே இல்லை. அந்த அறையின் மூத்த நர்ஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டையில் குத்தியிருந்தாலும் யாரும் அதைப் படித்ததில்லை. கைராசிக்காரி, அதனால் ராசியக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் குத்தினால் ஊசி இறங்கியதே தெரியாது. "குத்தியாச்சா?" என்று கேட்டால், "எப்பவோ ஆச்சு, படுங்க" என்பார். வேறு யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் கண்டக்டர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

ராசியக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையுறையை மாட்டிக்கொண்டதும் வலது ஆள்காட்டி விரலின் நுனியைக் கிள்ளிக் கிழித்துவிடுவார். தோலை மருந்தால் நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்வார். குத்துவதற்கு முன்னால், அந்த வெறும் விரல்நுனியால் ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த மூச்சில் ஊசி உள்ளே இருக்கும்.

டெய்லரம்மாவுக்கு இது உடனே பிடித்துப்போனது. "விரல்ல தொப்பி மாட்டிக்கிட்டுத் தைக்கிறவங்களும் இருக்காங்க. எனக்குச் சரிப்படாது. துணி என்ன சொல்லுதுன்னு விரலுக்குத் தெரியணுமில்ல?" என்றார். அந்த விரல்நுனியில் ஒரு வெடிப்பு இருந்ததையும் முதலில் பார்த்தவர் அவர்தான். நாள் முழுக்கக் கழுவிக் கழுவி, மருந்தைத் தேய்த்துத் தேய்த்து வந்த வெடிப்பு. சில நாள் ஓரமெல்லாம் சிவந்திருக்கும். அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன டப்பாவில் களிம்பு கொண்டுவந்து ராசியக்கா கையில் திணித்தார். "ஊருக்கே வைத்தியம் பண்றீங்க. உங்க விரலை யார் பார்க்கிறது?" ராசியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அறையில் யாருக்கும் யார் மேலும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறாத விஷயம்.

இவர்களுக்கு நடுவில் வந்தவர்தான் கை போலீஸ்.

அவரும் நர்ஸ்தான். ஆனால் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குள் நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலோரம் நிற்பார். யார் கை எதைத் தொடுகிறது, அடுத்து எதைத் தொடுகிறது என்று பார்ப்பார். "டாக்டர், அந்தப் பேஷண்டோட மிஷினைத் தொட்டீங்க. இவங்களைத் தொடுறதுக்கு முன்னாடி கை." பெரிய டாக்டராக இருந்தாலும் அதே குரல்தான். சிரிக்க மாட்டார். மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்தில்கூட முதலில் கையைத்தான் பார்த்திருப்பார் என்று கண்டக்டர் சொல்வார், அறையே குலுங்கும்.

ஒரு நாள் அந்தக் கிழிந்த கையுறை அவர் கண்ணில் பட்டது. ராசியக்காவை ஓரமாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். இருந்தாலும் அறை சின்னது, காதுகள் நிறைய. திரும்பி வந்த ராசியக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. இவ்வளவு வருஷம் வேலை பார்த்தவரை நேற்று வந்த ஒருத்தி இப்படிச் சொல்லலாமா என்று எல்லோருக்கும் கொதித்தது. கண்டக்டருக்கு மற்றவர்களைவிட ஒரு படி அதிகம்.

"எதிர்ல வர்ற பஸ்காரன் ஹெட்லைட்டை ரெண்டு தடவை போட்டு அணைச்சா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று அன்று அவர் அறையைக் கேட்டார்.

"என்ன அர்த்தம்?"

"முன்னாடி செக்கிங் நிக்குதுன்னு அர்த்தம். நாங்க எல்லாரும் அப்படித்தான் பிழைச்சோம்."

அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக லிஃப்ட் தெரியும். கை போலீஸ் இறங்கினால் கண்டக்டர் இரண்டு தடவை இருமுவார். டெய்லரம்மா வாங்கி இருமுவார். மூலையிலிருக்கும் ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் வரைக்கும் இருமல் போய்ச் சேரும். கதவு திறப்பதற்குள் ராசியக்கா கையுறையை மாற்றிவிடுவார். "இதெல்லாம் எதுக்குண்ணே?" என்று முதல் தடவை சொன்னார். இரண்டாவது தடவை சிரித்தார். மூன்றாவது தடவை அவருடைய காதே இருமலுக்குப் பழகிவிட்டது.

கை போலீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் வரும்போதெல்லாம் அறை முழுக்க இருமுவதைப் பார்த்துப் பயந்துபோனார். காற்றில் பரவுகிற ஏதோ ஒன்று இங்கே நுழைந்துவிட்டது என்று நினைத்து எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். வராத சளியைத் துப்பச் சொன்னால் எங்கே போவது? அந்த வாரம் முழுக்க அறையில் ஒரே சிரிப்பு. போஸ்ட்மாஸ்டருக்குச் சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் டெய்லரம்மாவுக்கு நல்ல செய்தி வந்தது. அவருடைய தம்பி, லேத் பட்டறையில் வேலை செய்பவர், தன் சிறுநீரகம் ஒன்றை அக்காவுக்குக் கொடுக்க முன்வந்திருந்தார். பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் முடிந்ததும் ஆபரேஷன். அதுவரைக்கும் அவருக்குக் காய்ச்சலோ தொற்றோ எதுவும் வரக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

"ஆபரேஷன் முடிஞ்சதும் முதல் வேலையா என்ன பண்ணுவீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஒரு சொம்பு தண்ணி குடிப்பேன்" என்றார் டெய்லரம்மா. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். "யாரையும் கேக்காம, அளக்காம, மடக்கு மடக்குன்னு. சொம்பை அண்ணாந்து கவுத்து, கழுத்தெல்லாம் நனையற மாதிரி."

அதைக் கேட்ட எல்லோருக்கும் தொண்டை ஏறி இறங்கியது. "எனக்கும் சேத்துக் குடிங்க" என்றார் கண்டக்டர். அவர் குரலில் பொறாமை கொஞ்சமும் இல்லை. அந்த அறையிலிருந்து ஒருவர் தப்பித்தால் எல்லோரும் கொஞ்சம் தப்பித்த மாதிரி.

முதலில் விழுந்தவர் போஸ்ட்மாஸ்டர். மிஷினில் இருக்கும்போதே குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். மாலை ஷிஃப்டில் வருகிற ஒரு பெண்ணுக்கும் அதே கிருமி. இருவரும் வார்டில் கிடந்து பிழைத்து எழுந்தார்கள். கை போலீஸ் அறையைத் தலைகீழாகப் புரட்டினார். மிஷினுக்கு வருகிற தண்ணீர், குழாய் வாய், மருந்து பாட்டில், நாற்காலியின் கைப்பிடி என்று ஒன்று விடாமல் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துப் போனார். எதிலும் அந்தக் கிருமி இல்லை. பிறகு ஒவ்வொரு நாற்காலியாக வந்து குனிந்து நின்று கேட்டார்.

"ஊசி போடும்போது யாராவது வெறும் விரலால தொடுறாங்களா? துடைச்ச இடத்தை மறுபடியும் தொடுறாங்களா? நான் யாரையும் மாட்டிவிட வரலை. எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும்."

கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு, ராசியக்காவா? ஆபரேஷன் தியேட்டர் தோத்துடும் சிஸ்டர், அவ்வளவு சுத்தம்."

"கிளவுஸ் இல்லாம என்னைத் தொட்டதே இல்ல. என் கண்ணால பாக்கிறேனே" என்றார் டெய்லரம்மா. வேலிக்கு ஓணான் சாட்சி. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லா ஓணான்களும் தலையை ஆட்டின. ராசியக்கா மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்த சில நாட்கள் கையுறையைக் கிழிக்காமல் குத்தினார். பழக்கமில்லாத விரல் தடுமாறியது. கண்டக்டரின் கையில் குழாய் அகப்படவில்லை. இரண்டாவது தடவையும் தவறி, முழங்கை வரைக்கும் வீங்கிக் கறுத்தது. வீட்டில் அவர் மனைவி அன்றிரவு சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டியிருந்தது. மறுமுறை வந்ததும் கண்டக்டர் கையை நீட்டிவிட்டுச் சொன்னார்:

"பழையபடியே போடுங்க, அக்கா. நான் பாத்துக்கிறேன் வாசலை."

ராசியக்கா தயங்கினார். பக்கத்து நாற்காலியிலிருந்து டெய்லரம்மாவும், "எனக்கும் பழையபடியே" என்றார். கிள்ளிக் கிழிக்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. டெய்லரம்மா கடைசி யூனிபார்மைக் கொடுத்துவிட்டு, தையல் மிஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு வந்திருந்தார். அன்று காலை கண்டக்டரின் தோளைப் பற்றி ஏதோ கிண்டல் செய்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணே, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

ஃபேன் ஓடவில்லை. கண்டக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது டெய்லரம்மாவின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. நாற்காலியே ஆடியது. ராசியக்கா ஓடிவந்து போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்தினார். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. போர்வையின் ஓரத்தைச் செருகும்போது ராசியக்கா ஒரு கணம் நின்று தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன. அந்த நிமிஷத்தில் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

ஊசியைக் கழற்றியதும், பஞ்சை அழுத்திப் பிடித்த கையோடு கண்டக்டர் படியிறங்கினார். கை போலீஸின் அறை கீழே, துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி. அவர் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்டக்டர் நின்றபடியே சொல்லிவிட்டார். கிழிந்த நுனி, வெடிப்பு, இருமல், வீங்கிய கை, பழையபடியே போடச் சொன்னது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க வந்திருக்கிறோம் என்று சொல்லும்போதே தெரிந்தது. இருந்தாலும் சொன்னார்.

கை போலீஸ் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நான் கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க, சிஸ்டர்."

"அந்த இருமல்... எனக்கா?"

கண்டக்டர் தலை குனிந்துகொண்டார்.

"என் வீட்டுல ஒரு வாரம் பிள்ளையைப் பக்கத்துல படுக்க வைக்கலை. இங்கேயிருந்து ஏதாவது எடுத்துட்டுப் போயிடுவேனோன்னு." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்டக்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உட்காருங்க. கையை அழுத்திப் பிடிங்க, ரத்தம் வருது."

பிறகு மெதுவாகச் சொன்னார். "தோலை எதுக்குத் துடைக்கிறோம்? ஊசி போகிற வழியில ஒண்ணும் கூடப் போகக்கூடாதுன்னுதான். துடைச்ச இடத்துல அந்த விரல் மறுபடி பட்டா, விரல்ல இருக்கிறது ஊசியோட நேரா ரத்தத்துக்குள்ள போயிடும். வெடிப்புல குடியிருக்கிற கிருமி கழுவினாலும் முழுசாப் போகாது. அவங்களை நான் திட்ட வரலைங்க. அந்த விரலுக்கு வைத்தியம் பண்ணி, வேற மாதிரி குத்தச் சொல்லிக் குடுத்திருப்பேன். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். படியேறும்போது கண்டக்டரின் காதில் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் இருந்தன.

ராசியக்காவின் விரலிலிருந்து ஒற்றி எடுத்ததில் அதே கிருமி இருந்தது. அவர் மறைக்கவில்லை, சண்டை போடவில்லை. விரல் ஆறும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தன் அலமாரியைக் காலி செய்த அன்று கண்டக்டரின் நாற்காலி அருகே வந்தார். கண்டக்டர் பார்வையை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டார். ராசியக்காதான் பேசினார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. லேட்டாவாவது சொன்னீங்க. நான் அதுகூடச் சொல்லலையே. எனக்குத்தானே படிச்சுக் குடுத்தாங்க, உங்களுக்கு இல்லையே."

களிம்பு டப்பா அவர் கையில் இருந்தது. அதைப் பைக்குள் போடவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

டெய்லரம்மாவின் ரத்தத்தில் இறங்கிய கிருமி இதயத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒரு வால்வை அரித்துவிட்டது. வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கிருமி செத்தது. வால்வு திரும்பி வரவில்லை. இந்த இதயத்தை வைத்துக்கொண்டு வால்வுக்கும் ஆபரேஷன் செய்ய முடியாது, சிறுநீரகத்துக்கும் செய்ய முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனையோ முறை எத்தனையோ சின்ன விஷயத்துக்குச் சொல்லியிருக்கிறோம். சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கண்டக்டர் வார்டுக்குப் பார்க்கப் போனபோது தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எடுத்துக்கங்கன்னு நான் தயாராத்தாங்க இருக்கேன். வாங்கிக்கத்தான் அக்காவுக்குத் தெம்பில்லைங்கறாங்க" என்றார். கண்டக்டரால் அந்தக் கை வைத்திருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே டெய்லரம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கண்டக்டர் உட்காராமலே ஆரம்பித்தார்.

"நான் மட்டும் அந்த இருமலை..."

"நானும்தானே இருமினேன்" என்றார் டெய்லரம்மா. மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உங்களைவிட நல்லாவே இருமினேன். உட்காருங்கண்ணே. தோள் இன்னும் இறங்கிப்போச்சு உங்களுக்கு."

கண்டக்டர் அங்கே உட்கார்ந்து அழுதார். ஆஸ்பத்திரியில் அழுகிற ஆண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஆஸ்பத்திரி நல்ல இடம்.

இப்போது அறையில் முறை மாறிவிட்டது. முதலில் நர்ஸ் கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, நிதானமாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொட்டுத் தடவிக் குழாயைத் தேடலாம். கிடைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைப்பார். அதற்குப் பிறகுதான் கையுறை, துடைப்பு. துடைத்த இடத்தை யாரும் தொடக்கூடாது. புள்ளிகளுக்கு நடுவே நேராக ஊசி. நோயாளிகளும் கவனிக்க வேண்டும், தவறினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கை போலீஸ் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இப்போது அங்கே முதல் குரல் கண்டக்டருடையது. "சிஸ்டர், துடைச்ச பிறகு கை பட்டுடுச்சு. மறுபடியும் துடைங்க." சலிக்காமல் சொல்வார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் மற்றவர்களுக்குக் கண் இருக்கிறதே.

மாதங்கள் கழித்து ராசியக்கா திரும்பி வந்தார். விரல் ஆறியிருந்தது. புதிய முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். முதலில் கண்டக்டரிடம் வந்தார். தேடினார், கண்ணை மூடினார், புள்ளி வைத்தார். கிழியாத கையுறையோடு குத்தினார். கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"குத்தியாச்சா?"

"ஆச்சுண்ணே."

வலிக்கவே இல்லை. அந்தக் கைராசி கையுறைக்குள்ளும் அப்படியே இருந்தது. முன்பே இப்படிப் புள்ளி வைத்துக் குத்தியிருந்தால், விரல்நுனியைக் கிழிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ராசியக்காவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஊசிக்கு மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, ஒட்டியதையே மறுபடி மறுபடி அழுத்தினார்.

அடுத்தது டெய்லரம்மா. மிஷினை விட்டால் அவருக்கு இனி வேறு வழியில்லை என்பதால் பழைய நாற்காலிக்கே வந்துகொண்டிருந்தார். ராசியக்கா தட்டோடு அருகில் போய் நின்றார். டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு விரலைப் பார்த்தார்.

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"நல்லதுக்கா. உங்க மேல எனக்குக் கோபமில்ல. சத்தியமா இல்ல. ஆனா வேற யாரையாவது வரச்சொல்றீங்களா? என் கைக்குத்தான் பயமா இருக்கு."

ராசியக்கா தலையாட்டிவிட்டு, இளைய நர்ஸை அனுப்பினார். அந்தப் பெண் முதல் தடவை தவறினாள். டெய்லரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். ராசியக்கா சுவரைப் பார்த்து நின்றார்.

மிஷின்கள் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். லிஃப்ட் திறந்தது. கை போலீஸ் இறங்கி நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. கண்டக்டர் இருமவில்லை. அறையில் யாரும் இருமவில்லை.

பக்கத்தில் ஏதோ மூச்சுத் திணறுகிற சத்தம். கண்டக்டர் திரும்பினார். டெய்லரம்மா போர்வையின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். முகம் ரத்தச் சிவப்பு. கண்ணில் நீர் முட்டி நின்றது. வால்வு கெட்ட நாளிலிருந்து அவருக்கு இருமல் வருகிறது. நெஞ்சில் நீர் கோக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிஜமான இருமல். கதவு திறந்து கை போலீஸ் உள்ளே வந்து நின்றதால் அதை விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இது பழைய எச்சரிக்கை இருமல், ராசியக்கா ஏதோ தவறாகச் செய்கிறார் என்று கை போலீஸ் நினைத்துவிடக்கூடாதே என்று.

கண்டக்டர் குழாய் இல்லாத கையை நீட்டி அந்தப் போர்வை நுனியை மெல்ல இழுத்து எடுத்தார்.

"இருமுங்க, டெய்லரம்மா" என்றார், அறைக்கே கேட்கும்படி. "அடக்காதீங்க. இது உங்க இருமல். இருமுங்க."